லெட்டிஸ் போட்ட கீறல்

எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் யோசிக்காமல் எதற்காவது தலையாட்டிவிட்டால், "போச்சு, லெட்டிஸ் கீறிட்டா" என்பார்கள். சின்ன வயதில் நான் ஒருமுறை கடைக்காரர் தள்ளிவிட்ட அழுகல் பீச் பழங்களை வாய் பேசாமல் வாங்கி வந்தபோது அப்பா அதைத்தான் சொன்னார். ராய்ஸைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதித்தபோது அத்தையும் அதையே சொன்னாள். லெட்டிஸ் என்பவள், வர்ஜீனியா இன்னும் இங்கிலாந்து ராஜாவின் கையில் இருந்த காலத்தில் எங்கள் நிலத்தில் வாழ்ந்தவள். நான் அவளுடைய நேர் வாரிசு. ஓடைக்கரை நிலத்தை அவளுக்கென்றே அவள் அப்பா எழுதிவைத்திருந்தார். அவள் புருஷன் அம்ப்ரோஸ் அதை ஒரு வியாபாரிக்கு விற்கக் கிளம்பியபோது, எழுதப் படிக்கத் தெரியாத அவள் பத்திரத்தில் ஒரு பெருக்கல் குறியைக் கீறிக் கொடுத்துவிட்டாள் என்பது கதை. அப்புறம் அந்த நிலம் எப்படியோ எங்களிடமே திரும்பி வந்திருக்கிறது. எப்படி என்று ஒருவருக்கும் தெரியாது. அவள் கீறியது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

அந்த நிலம் இப்போது என் பேரில் இருக்கிறது. அப்பா எனக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். அதை வியாழக்கிழமை காலை விற்பதென்று என் புருஷன் ராய்ஸ் முடிவு செய்திருந்தார்.

ராய்ஸ் கெட்டவர் இல்லை. குடிப்பதில்லை, கை நீட்டியதில்லை, ஊரில் யாருக்கு வண்டி நின்றுபோனாலும் முதலில் ஓடுகிறவர். ஆனால் எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார். சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் பெண் என்னைப் பார்த்து என்ன வேண்டும் என்று கேட்டால் "அவளுக்குக் கோழிதான்" என்பார். டாக்டர் என்னிடம் எங்கே வலிக்கிறது என்றால் "இடுப்புல" என்பார். வலி பெரும்பாலும் இடுப்பில்தான் இருக்கும். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

எதிர்த்துப் பேசலாமே என்று கேட்பீர்கள். ஒரே ஒருமுறை பேசினேன். அப்பாவின் பழைய டிராக்டரை விற்கக் கூடாது என்று சொன்னேன். அவர் கத்தவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, அவ்வளவுதான். பிள்ளைகள் இல்லாத வீட்டில், வெளியே பனி கொட்டிக்கிடக்க, ஒரு மனுஷன் எதிரே உட்கார்ந்து சூப் குடித்துவிட்டு எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருப்பது எப்படியிருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பனி உருகுவதற்குள் டிராக்டரை நானே ஆள் பார்த்து விற்றேன்.

இந்த முறை ஃப்ளோரிடா. அங்கே அவர் தம்பி வீடு வாங்கிப் போய்விட்டார், படகு வைத்திருக்கிறார், மீன் பிடிக்கிறார். பக்கத்து வீடு காலியாக இருக்கிறதாம். எங்கள் நிலத்தில் சூரிய மின்தகடுகள் நட ஒரு கம்பெனி வந்தது, நல்ல விலை சொன்னது, ராய்ஸ் அவர்கள் கையைக் குலுக்கிவிட்டு வந்தார். வந்தபின்தான் எனக்குச் சொன்னார். நான் ஓட்டைப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் போல அடுப்படியில் நின்றேன். இந்த உலகத்தில் என் பேர் மட்டும் எழுதியிருக்கிற ஒரே பொருள் அந்த நிலம். அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

ஓடைதான் சிக்கலைக் கொண்டுவந்தது. எங்கள் பக்கத்தில் ஓடையின் அடிநிலம் யாருக்குச் சொந்தம் என்பது ராஜா காலத்துப் பட்டாவைப் பொறுத்தது. அதனால் கம்பெனியின் வக்கீல்கள் ஆதிவரை தோண்டினார்கள். லெட்டிஸ் போட்ட கீறலில் போய் முட்டிக்கொண்டார்கள். நிலம் அன்று வியாபாரிக்குப் போயிருக்கிறது, திரும்பி வந்ததற்குப் பத்திரம் இல்லை, அப்படியானால் இன்றைக்கு இந்தம்மாவிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள்.

எங்கள் வக்கீல் டாப்னி, நான் நாலாம் வகுப்பில் பாடம் சொல்லிக்கொடுத்த பையன். இப்போது தலையில் பாதி முடி இல்லை. ஆனாலும் என்னைக் கண்டால் எழுந்து நிற்பான். குடும்ப வரலாறு தேடுவது என் பொழுதுபோக்கு என்று ஊருக்கே தெரியும் என்பதால், நிலம் எப்படித் திரும்பி வந்தது என்ற அந்த விட்டுப்போன தொடுப்பை நானே கண்டுபிடித்துத் தர முடியுமா என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் ராய்ஸ் சொன்னார்.

"அவளுக்கு அதவிட சந்தோஷம் வேற என்ன இருக்கு? கொண்டாந்துருவா."

இப்படியாக என் நிலத்தை விற்பதற்கு வேண்டிய காகிதத்தை நானே தேடப் போனேன்.

கோர்ட்டுக் கட்டடத்தில் தரைக்குக் கீழே இருக்கிற தளத்தில் பதிவறை. ஜன்னல்கள் தரை மட்டத்தில் இருப்பதால் வெளியே நடப்பவர்களின் கால்கள்தான் தெரியும். ராய்ஸ் காலையில் என்னைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எதிரே இரும்புக்கடையில் பேச்சுக் கச்சேரியில் உட்கார்ந்துகொள்வார். நினைத்துக்கொண்டபோது வந்து குனிந்து ஜன்னல் கண்ணாடியை வண்டிச்சாவியால் தட்டுவார். அந்த டக் டக் சத்தத்துக்கு என் தோள் தானாகத் தூக்கிக்கொள்ளும்.

முதலில் லெட்டிஸின் அப்பா எழுதிய உயில். ஓடையோரத்து வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, மேட்டுப் பாறைவரை, அங்கிருந்து மறுபடி ஓடைக்கு என்று எல்லை சொல்லி, நிலம் மகளுக்கும் அவள் வயிற்று வாரிசுகளுக்கும் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, இரண்டு பசுக்களுக்கும் ஒரு இறகு மெத்தைக்கும் நடுவே, டைனா என்ற அடிமைப் பெண்ணின் பெயரும் இருந்தது. அவளும் லெட்டிஸுக்குத்தான். லெட்டிஸுக்காக என் மனம் இளகும்போதெல்லாம் அந்த வரியையும் நினைத்துக்கொள்வேன். டைனாவிடம் யாரும் எதையும் சம்மதமா என்று கேட்டதில்லை.

பிறகு விற்பனைப் பத்திரம். அம்ப்ரோஸ் என்று பெரிதாக, வளைத்து வளைத்து ஒரு கையெழுத்து. அதன் கீழே அவளுடைய பெருக்கல் குறி. என் போன்றவர்கள் அவசரப்பட்டு ஏமாறும் இடம் அதுதான். கீறலைப் பார்த்ததும் கதை முடிந்தது என்று புத்தகத்தை மூடிவிடுவோம். முடிவதில்லை. அந்தக் காலத்தில் கல்யாணமான பெண் தன் அப்பன் வழி நிலத்தை விட்டுக்கொடுக்கப் பத்திரத்தில் கீறினால் மட்டும் போதாது. இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் அவளைப் புருஷனிடமிருந்து பிரித்து, தனியே வைத்து, நீயாக மனசாரச் செய்கிறாயா, இல்லை பயமுறுத்திச் செய்யவைத்தானா என்று கேட்க வேண்டும். அவள் கோர்ட்டுக்கு வர முடியாவிட்டால் அவர்களே வீடு தேடிப் போவார்கள். அவள் வேண்டாம் என்று சொன்னால் விற்பனை செல்லாது. பெண்ணுக்கென்று ஒன்றுமே வைக்காத அந்தச் சட்டம், அந்த ஒரே ஒரு கேள்வியை மட்டும் அவளுக்காக வைத்திருந்தது.

அவள் வேண்டாம் என்று சொல்லியிருப்பாள், அதனால்தான் நிலம் திரும்பி வந்திருக்கிறது. இருபது வருஷமாக எனக்குள் இப்படி ஒரு நம்பிக்கை. யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

மாஜிஸ்திரேட்டுகளின் அறிக்கை திங்கட்கிழமை மத்தியானம் கிடைத்தது. "புருஷனை வீட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டு விசாரித்தோம். எந்தக் கட்டாயமும் இல்லாமல் மனமொப்பிச் சம்மதிப்பதாகச் சொன்னாள்" என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கோபம் வந்தது. அவள்மேல்தான். அடிப்பாவி, கேட்டார்களே, தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்களே, அப்பவும் சரி என்றா சொன்னாய் என்று செத்து மண்ணாகிப்போனவளைத் திட்டினேன்.

டக் டக் என்று சத்தம். ஜன்னலில் ராய்ஸின் முகம் பக்கவாட்டில் தொங்கியது.

"கிடைச்சுதா கண்ணு?" கண்ணாடி வழியே அவர் குரல் மங்கலாகக் கேட்டது.

இல்லை என்று தலையாட்டினேன். அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

அந்த இரண்டு நாளும் வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ராய்ஸ் சமையலறை அலமாரிகளைத் திறந்து எதை எடுத்துப்போவது, எதை யாருக்குக் கொடுப்பது என்று பிரித்துக்கொண்டிருந்தார். வார்ப்பிரும்புச் சட்டியைத் தூக்கிப் பார்த்து, இந்தக் கனத்தை யார் ஃப்ளோரிடா வரைக்கும் சுமப்பது என்று தம்பியிடம் போனில் கேட்டார். அதில்தான் நான் தினமும் சோளரொட்டி சுடுகிறேன். சட்டியை அவர் கையிலிருந்து வாங்கி அடுப்பின்மேல் திரும்ப வைத்தேன். அவர் பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்தார். வாயைத் திற லொரீன், இப்போது சொல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாயிலிருந்து வந்ததென்னவோ, ரொட்டிக்கு மோர் இருக்கிறதா பார்க்கிறேன் என்பதுதான்.

புதன்கிழமை பதிவறையில் வேறு வழியாகத் தேடினேன். பத்திரங்களை விட்டுவிட்டு, அம்ப்ரோஸ் செத்ததற்கு அப்புறம் என்ன நடந்தது என்று வழக்குக் கட்டுகளைக் கேட்டேன். மடித்து நாடா கட்டிய காகிதங்கள், பிரித்தால் மடிப்பில் உதிர்கிறவை. பதிவறைப் பெண் ஒவ்வொன்றாக எடுத்துவந்து வைத்தாள். கட்டின் மேலேயே, அம்ப்ரோஸின் விதவை லெட்டிஸ் வாதி, நிலத்தை வாங்கிய வியாபாரி பிரதிவாதி என்று எழுதியிருந்தது. புருஷன் செத்தபின் கோர்ட்டு கூடிய முதல் நாளிலேயே வழக்குப் போட்டிருக்கிறாள். காகிதம் கிழிந்துவிடுமோ என்று கைகளை மேசையின்மேல் ஊன்றிக்கொண்டு படித்தேன்.

கெசியா என்று ஒரு பக்கத்துவீட்டுக்காரி. மாஜிஸ்திரேட்டுகள் விசாரிக்க வந்த அன்று அவள் லெட்டிஸின் வீட்டில் சோப்புக் காய்ச்ச உதவிக்கு வந்திருந்தாளாம். கோர்ட்டில் சத்தியம் செய்து அவள் சொன்னதைக் குமாஸ்தா எழுதிவைத்திருந்தார்.

"அய்யாமாரு அவன வெளிய போகச் சொன்னாங்க, அவனும் போனான். வெக்கைன்னு ஜன்னலத் திறந்து போட்டிருந்துச்சு. அவன் சுத்தி வந்து அந்த ஜன்னலுக்கு வெளியதான் நின்னான். ஜன்னல் சட்டத்துல முழங்கைய வச்சுக்கிட்டு, கத்தியால ஆப்பிள் தோல சீவிக்கிட்டிருந்தான். ஒரு வார்த்தை பேசல. அய்யாமாரு ஜன்னலுக்கு முதுகக் காட்டி உக்காந்திருந்தாங்க. அவ ஜன்னலப் பாத்துத்தான் உக்காந்திருந்தா. மனசார சம்மதமான்னு கேட்டாங்க. அவ அந்தத் தோலையே பாத்துக்கிட்டு, ஆமான்னா."

அதற்குக் கீழே, வியாபாரியின் வக்கீல் லெட்டிஸையே குறுக்கு விசாரணை செய்திருக்கிறார். இத்தனை வருஷம் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய், அந்த ஒரு நாள்தான் அவன் ஜன்னலில் நின்றான், மறுநாள் வந்து சொல்லியிருக்கலாமே என்று. அவள் பதில் ஒரே வரிதான்.

"அவர மண்ணுல வைக்கிறவரைக்கும் அந்த ஜன்னல்லதான் நின்னாரு."

விசாரணை தனியாக நடந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது, அவள் சம்மதம் சம்மதமில்லை, நிலம் அவளுக்கும் அவள் வாரிசுகளுக்கும் என்று கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது. கம்பெனிக்காரர்கள் கேட்ட தொடுப்பு அதுதான். சுத்தமான, உடையாத தொடுப்பு. அத்தனை தலைமுறையாக அவளைச் சொல்லிச் சிரித்தோமே என்று எனக்கு அழுகை வந்தது. பதிவறைப் பெண் காகிதத்தில் கண்ணீர் படாமல் கட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

ஜெராக்ஸ் எடுத்துக் கைப்பையில் வைக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்தக் காகிதத்தைக் கொடுத்தால் நாளைக்கு விற்பனை முடிந்துவிடும். கொடுக்காவிட்டால் நின்றுபோகும். நான் ஒரு வார்த்தை பேச வேண்டாம். ராய்ஸுக்கு என்மேல் கோபம் வராது. பாழாய்ப்போன ராஜா காலத்தின்மேல் வரும். பேசாத குளிர்காலம் வராது. பைக்குள் காகிதத்தை இன்னும் கீழே, கைக்குட்டைக்கு அடியில் தள்ளினேன்.

டக் டக் என்று தட்டினார்.

வண்டியில் ஏறியதும் கேட்டார். ஒன்றும் கிடைக்கவில்லை என்றேன். அவர் ஸ்டியரிங்கில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டிவிட்டு, அப்படியே டாப்னிக்குப் போன் போட்டு, நானும் கேட்கிற மாதிரி முன்னால் வைத்தார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. அப்பாடா, தப்பித்தோம் என்று ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தும்விட்டேன்.

"அதனால பரவாயில்ல சார்," என்றான் டாப்னி. "கம்பெனிக்காரங்களுக்கு அவசரம். டீச்சர் நல்லாத் தேடினாங்க, நிலத்துக்கு எதிரா ஒண்ணும் கிடைக்கலன்னு சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டா போதும்னுட்டாங்க. டீச்சர் சொன்னா யாரு நம்ப மாட்டாங்க?"

என் முகத்திலிருந்து சிரிப்பு எப்போது போயிற்று என்று எனக்குத் தெரியாது. காகிதத்தைக் கொடுத்தாலும் நிலம் போகும், ஒளித்தாலும் போகும். ஒளித்தால் பொய்ச் சத்தியமும் சேர்ந்துகொள்ளும். ராய்ஸ் சந்தோஷத்தில் வழியில் வண்டியை நிறுத்தி எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். வெனிலா. எனக்கு எது பிடிக்கும் என்று கேட்கவில்லை. அது உருகி விரலில் வழிவதைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வியாழக்கிழமை காலை டாப்னியின் ஆபீஸ். அவன் அறைக்கும் நடைக்கும் நடுவே சுவர் முழுக்கக் கண்ணாடி, அதில் இழுக்கிற திரை. பத்திரங்கள் மேசைமேல் தயாராக இருந்தன. ராய்ஸ் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார், பேனா மூடியைக் கழற்றினார், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

"பெருசா ஒண்ணும் வேண்டாம் கண்ணு. உங்க லெட்டிஸ் மாதிரி ஒரு கீறல் போதும்," என்று சொல்லிச் சிரித்தார். டாப்னியும் மரியாதைக்குச் சிரித்தான்.

என் காது சூடாகிவிட்டது. அந்தச் சிரிப்பை மட்டும் அன்றைக்கு என்னால் தாங்க முடியவில்லை. பேனாவை மூடி வைத்தேன்.

"டாப்னி," என்றேன். "கையெழுத்துக்கு முன்னால நீ என்கிட்ட ஒரு கேள்வி கேக்கணும். தனியா."

"என்ன கேள்வி டீச்சர்?"

"மனசார விக்கிறேனான்னு."

அவன் ராய்ஸைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இப்போதெல்லாம் அப்படிக் கேட்க வேண்டும் என்று சட்டம் இல்லை என்று மெதுவாகச் சொன்னான்.

"தெரியும். கேக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

"இல்ல."

"அப்ப இவர வெளிய இருக்கச் சொல்லு."

ராய்ஸுக்கு அது வேடிக்கையாக இருந்தது. இந்தக் குடும்பச் சரித்திரப் பைத்தியம் முற்றிப்போச்சு என்று டாப்னியைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு எழுந்து போனார். கதவு சாத்திக்கொண்டது. நடையில் போய் உட்காருவார் என்று பார்த்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நேர் எதிரே நின்றுகொண்டார். முகத்தில் அதே சிரிப்பு. கையில் வண்டிச்சாவி. அதை விரலில் மாட்டிச் சுற்றினார், கண்ணாடியில் தட்டினார், டக் டக். என் தோள் தூக்கிக்கொண்டது. டாப்னி கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். நான் கண்ணாடியைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தேன்.

"சரி டீச்சர்," என்று தொண்டையைச் செருமினான் டாப்னி. "இந்த நிலத்த நீங்க மனசார..."

"இரு. முதல்ல அந்தத் திரைய இழு."

அவன் திரும்பிப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு ராய்ஸ் அங்கே நிற்பது தெரிந்தது. சின்னப் பையனாக இருந்தபோதும் எதையும் இரண்டாவது தடவை சொல்ல வைக்காதவன். எழுந்து போய்த் திரையை இழுத்தான். திரை முழுக்க மூடும்வரை ராய்ஸ் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். கடைசியாகத் தெரிந்தது சாவி.

டாப்னி உட்கார்ந்து, பத்திரத்தைப் பக்கத்தில் தள்ளிவைத்துவிட்டு, கேள்வியை முதலிலிருந்து கேட்டான்.

பையைத் திறந்து, கைக்குட்டைக்கு அடியிலிருந்து காகிதங்களை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். நேற்றுப் பொய் சொன்னேன் என்றேன். எல்லாம் இதில் இருக்கிறது, லெட்டிஸ் நிலத்தைக் கோர்ட்டில் மீட்டாள், பட்டா சுத்தம், யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவன் கெசியாவின் சாட்சியைப் படித்தான். படித்துவிட்டு ஒருமுறை திரையைத் திரும்பிப் பார்த்தான்.

"நிலத்துல வில்லங்கம் ஒண்ணும் இல்ல டாப்னி. வில்லங்கம் நான்தான். எனக்கு விக்க இஷ்டமில்ல."

சொல்லிவிட்டேன். வானம் இடிந்து விழவில்லை. டாப்னி தலையை ஆட்டினான். நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை, அதனால் என்னை யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்றான். அப்புறம் அன்பாக ஒன்று சொன்னான். ராய்ஸிடம் தானே பக்குவமாகப் பேசிக்கொள்வதாகவும், பட்டாவில் சிக்கல், கம்பெனி பின்வாங்கிவிட்டது என்று சொல்லிவிட்டால் வீட்டில் சங்கடம் இருக்காது என்றும் சொன்னான். அவனுக்கு எங்கள் வீட்டைப் பற்றி அவ்வளவு தெரிந்திருந்தது எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆசையாகத்தான் இருந்தது. சரி, அப்படியே சொல்லிவிடு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. லெட்டிஸ் அதைச் சொல்ல அம்ப்ரோஸ் சாகும்வரை காத்திருந்தாள். நான் ராய்ஸ் சாக வேண்டும் என்று காத்திருக்க மாட்டேன். அந்த மனுஷன்மேல் எனக்கு அவ்வளவு வெறுப்பில்லை.

"வேண்டாம்ப்பா," என்றேன். "திரையத் திற. அவரக் கூப்பிடு."

திரை விலகியபோது ராய்ஸ் அங்கேயேதான் நின்றார். சிரிப்பு போயிருந்தது. உள்ளே வந்து முதலில் பத்திரத்தைப் பார்த்தார். கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது. பிறகு டாப்னியைப் பார்த்தார்.

"என்னவாம் இவளுக்கு?"

"அவங்க இங்கதான சார் இருக்காங்க," என்றான் டாப்னி. "அவங்களையே கேளுங்க."

ராய்ஸ் என் பக்கம் திரும்பினார். நான் எழுந்து நின்றேன். நிலம் விற்பனைக்கு இல்லை, ஃப்ளோரிடாவுக்கு மீன் பிடிக்கப் போக வேண்டுமானால் போய்விட்டு வாருங்கள், நான் இங்கே இருப்பேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். முழுசாகச் சொல்லி முடித்தேன். சாவியை இறுக்கிப் பிடித்திருந்த கையில் நரம்பு தெரிந்தது. பேசாமலே வெளியே போனார். கட்டடத்தின் வெளிக்கதவு அறைந்து சாத்துகிற சத்தம் கேட்டது.

வண்டி கிளம்புகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கேட்கவில்லை. காகிதங்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வண்டியில் உட்கார்ந்திருந்தார். முன்பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏறி உட்கார்ந்தேன். வழி நெடுக ஒரு வார்த்தை இல்லை. இதோ ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை.

ஊர் எல்லையில் நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் கடைக்கு முன்னால் வண்டி தானாக நின்றது போல நின்றது. பழக்கதோஷம். உள்ளே போய் எப்போதும் உட்காரும் மேசையில் உட்கார்ந்தோம். பரிமாறும் பெண் வந்து என்னைப் பார்த்து என்ன வேண்டும் என்று கேட்டாள். ராய்ஸ் வாயைத் திறந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வாயை மூடிக்கொண்டு, சாவியை மேசைமேல் வைத்தார்.

"கேக்குறாங்கல்ல," என்றார் என்னிடம், தட்டைப் பார்த்தபடி. "சொல்லு."

எனக்கு மீன் வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.